என் மகளின் பையிலிருந்து நான் எடுத்தது

அன்று என் மகள் இன்ஹேலரை மறக்கவில்லை. அவள் எடுத்துத்தான் வைத்தாள். பையிலிருந்து அதை எடுத்து ஒளித்து வைத்தவள் நான்!

ஒன்பது வருடங்களாக இதை யாரிடமும் சொன்னதில்லை. என் கணவருக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாது. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்...

ஆரியசாலையில் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று எங்களுடையது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி இந்த மலையாள ஊருக்கு வந்தவர்கள் நாங்கள். என் கணவருக்கு மொத்த மளிகைக் கடையில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் வேலை. தெரு முழுக்க வற்றல் மிளகாயின் நெடி. என் ஜெனிஷாவுக்கு மூன்று வயதிலேயே இழுப்பு தொடங்கிவிட்டது. மூக்கு எப்போதும் அடைத்தே இருக்கும். வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவாள்.

என் கணவரின் தங்கைக்கும் இதே நோய். கல்யாணமான நான்காம் மாதம், “இழுப்புக்காரியைத் தலையில் கட்டிவிட்டீர்கள்” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் வாசலில் வந்து இறங்கிய கோலத்தை நான் கண்ணால் பார்த்தேன். அன்றே முடிவு செய்தேன், என் பெண்ணுக்கு இப்படி ஒரு நோய் இருப்பது வெளியே ஒருவருக்கும் தெரியக் கூடாது!

மழைக்காலத்தில் அவளுக்குக் காலையும் மாலையும் நெபுலைசர் வைக்க வேண்டும். அந்த மெஷின் போடும் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்குமே! அதனால் அது ஓடும் நேரமெல்லாம் நான் மிக்சியை ஓட்டுவேன். சில நாள் ஜாருக்குள் வெறும் தண்ணீர்தான் சுற்றும்.

“எட்டி ஸ்டெல்லா, ரெண்டு நேரமும் தேங்கா அரைக்கியே... ஒனக்க மாப்பிள தென்னந்தோப்பு எதும் வாங்கிட்டாரா?” என்று பக்கத்து வீட்டு சரோஜம் அக்கா கேட்பாள்.

“அவருக்கு தொவையல் இல்லாம சோறு எறங்காதுக்கா” என்று சொல்லிச் சமாளிப்பேன். உள்ளே என் பிள்ளை முகத்தில் மாஸ்க்கோடு உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

பள்ளியில் கொடுத்த படிவத்தில், உடல்நலக் குறைவு என்ற இடத்தில், ‘இல்லை’ என்று எழுதினேன்.

ஏழாம் வகுப்பில் பொன்முடிக்குச் சுற்றுலா போனார்கள். முந்தின நாளே ஜெனிஷா பையில் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டாள். காலையில் அவள் தலை பின்னும்போது சொன்னாள், “அம்மா, மேல நல்ல குளிராம். டீச்சர் பக்கத்துல இருந்துக்கிடுவேன். இழுத்தா உடனே பஃப் எடுப்பேன்.”

டீச்சர் பார்ப்பாள். வண்டியில் இருக்கும் நாற்பது பிள்ளைகளும் பார்க்கும். எங்கள் தெருப் பிள்ளைகளும் அதில் உண்டு... அவள் செருப்பு மாட்டப் போன நேரத்தில் இன்ஹேலரை எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். ஒரு நாள்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். பாவி!

மதியம் டீச்சரிடமிருந்து போன் வந்தது. மலையிலிருந்து இறங்கி, அடிவாரத்தில் கல்லாறு என்ற ஊரில் ஒரு கடையில் நிற்கிறார்களாம். பிள்ளைக்கு மூச்சு கிடைக்கவில்லையாம். “அம்மே, மோளுக்கு ஏதெங்கிலும் அசுகம் உண்டோ?” என்று பதற்றத்தோடு கேட்டார்கள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் வாயடைத்து நின்றேன்? அந்த நேரத்தில் அவள் எத்தனை மூச்சுக்குத் தவித்திருப்பாள்? பிறகுதான், “உண்டு டீச்சர், இழுப்பு உண்டு” என்று அழுதேன்.

அவளைக் கொண்டுபோன ஆஸ்பத்திரிக்கு ஓடும் முன் இன்னொன்றும் செய்தேன். அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து இன்ஹேலரை எடுத்து அவளுடைய படிக்கும் மேசையில் வைத்தேன். முதலில் செய்தது பயத்தில் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன பெயர்?

அவள் பிழைத்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்துத்தான் வாயைத் திறந்து பேச முடிந்தது.

“ஒனக்கு ஓர்மையே கெடையாதா? உயிரு காக்குற சாதனத்த வீட்டுல போட்டுட்டா போவாங்க?” என்று அவள் அப்பா கத்தினார்.

“எடுத்து வச்சேன்னுதான் நெனச்சேன்பா...” என்றவள் என்னைப் பார்த்தாள். “வச்சேனாம்மா?”

“மேசையிலதான் கெடந்துச்சு மக்களே” என்றேன்.

“அப்போ நாந்தான் மறந்துட்டேன்.”

அதை அவள் இன்றுவரை நம்புகிறாள்! வீட்டைப் பூட்டினால் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறாள். நர்ஸிங் படிக்க ஆசைப்பட்ட பெண், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் வேண்டாம் என்றுவிட்டாள். “சொந்த மருந்தையே மறந்த ஆளு நான். மத்தவங்களுக்கு மாத்தி மருந்து குடுத்தா யாரு பதில் சொல்லுவா?” என்றாள். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம் அல்லவா? அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்... துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் சைனஸ் தொல்லைக்காகப் புது டாக்டரிடம் போனோம். முன்பு எப்போதாவது மோசமாக இழுத்ததுண்டா என்று கேட்டார். “ஒரு தடவ டூர் போனப்போ இன்ஹேலர் மறந்துபோயி, டாக்டர். என்றெ தப்பு தன்னெ” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். என்னைப் பார்த்து, அம்மா இனி கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். நான் தலையாட்டினேன்.

வெளியே வந்ததும், வாங்கிய மருந்துகளைப் பைக்குள் வைத்து எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள். பிறகு பையை என்னிடம் நீட்டினாள்.

“நீ ஒருக்க பாரும்மா. என்ன நம்ப முடியாது.”

வாங்கிப் பார்த்தேன். “எல்லாம் இருக்கு மக்களே” என்றேன்.