முன்கூட்டிச் சொன்ன சாட்சி

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கிடைக்காததைக் கிடைத்துவிட்டது என்று மைக்கைப் பிடித்துச் சொல்ல வேண்டும். விசுவாச சாட்சி என்று பெயர். மாப்பிள்ளையே பார்க்காத மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று ஒரு சிஸ்டர் சொன்னார். எட்டு மாதத்தில் நிஜமாகவே முடிந்தது. வேலை நிரந்தரமாகிவிட்டது என்று ஒருவர் சொன்னார்; அவர் இன்னமும் காண்ட்ராக்டில்தான் இருக்கிறார். இரண்டாவதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. நானும் வைத்துக்கொள்ளவில்லை.

என் மாமியார் காலம் வரைக்கும் ஆரணிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. என் வீட்டுக்காரர்தான் முதன்முதலில் கும்மிடிப்பூண்டியில் கம்பெனிக்குப் போனவர். தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் ஒன்பது வருடம் நின்றார். பத்தாவது வருடம் அந்த மெஷின் அவருடைய வலது கையின் நடு மூன்று விரல்களையும் நசுக்கிவிட்டது. விரலை எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதற்கே சபை கைதட்டியது. விரல்கள் இருந்தன, அவ்வளவுதான். மடங்காது. சூடு பட்டால்கூடத் தெரியாது.

கம்பெனியில் அவரை கேட்டில் உட்கார வைத்தார்கள். வந்து போகும் லாரி நம்பரை நோட்டில் எழுதும் வேலை. இடது கையால் எழுதப் பழகினார். தினமும் மாவு பிசைந்தால் விரல் மெல்ல மெல்ல வழிக்கு வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதனால் தினம் காலையில் சப்பாத்தி மாவு அவர் கைக்குப் போகும். அழுத்தி எடுத்ததும் நான் எட்டிப் பார்ப்பேன். கட்டைவிரல் குழியாகப் பதிந்திருக்கும், சுண்டுவிரலும் பதிந்திருக்கும். நடுவில் ஒன்றும் இருக்காது. பதினோரு மாதம் இப்படிப் பார்த்தேன். ஆண்டவரே, ஒரு கோடாவது போடக் கூடாதா என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போய்விட்டது.

அந்த அலுப்பில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றேன். "என் ஊட்டுக்காரர் கைய கர்த்தர் பூரண சுகமாக்கிட்டாரு, ஸ்தோத்திரம்" என்றேன். சபையே அல்லேலூயா என்றது. ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து, வலது கையை பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டியவர் அவருடைய கம்பெனி சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை பிரதர், திங்கட்கிழமை சார்.

மறுநாள் வேலை முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"லைனுக்கு மாத்திட்டாங்க."

"எந்த லைனுக்கு?"

"பழைய பிரஸ்ஸுக்குத்தான். 'சுகமாயிடுச்சுன்னு உங்க ஊட்ல சாட்சி சொன்னாங்களே பிரதர், இனிமே கேட்ல இன்னா வேலை, லைன்ல ஆள் பத்தல'ன்றாரு."

"கை மடங்கலன்னு காட்ட வேண்டிதுதான! வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிகினு இருந்த?"

"இன்னான்னு சொல்லச் சொல்ற? என் பொண்டாட்டி சபைல பொய் சொன்னான்னு சொல்லட்டுமா?"

அது பொய் என்று அந்த நிமிடம் வரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை.

பாஸ்டரிடம் ஓடினேன். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள் அய்யா என்று அழுதேன். "விசுவாசத்துல அறிக்கை பண்ணத வாபஸ் வாங்கக் கூடாது சிஸ்டர். வர்ற ஆசீர்வாதம் நின்னு பூடும். பொறுமையா காத்திருங்க" என்றார். சொல்லும்போது பத்து விரலையும் கோத்து மேசை மேல் வைத்திருந்தார். எனக்கு வந்ததே கோபம்! பத்தும் நன்றாக இருக்கிறவருக்குப் பொறுமை சுலபம். எழுந்து வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பிரஸ்ஸுக்குப் போனார். மரத்துப்போன விரல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் தகட்டை எடுக்க வேண்டும். கம்பெனி பஸ் திரும்பும் நேரம் வரைக்கும் அடுப்படியில் என் கை எதிலும் நிலைக்காது. மூன்றாவது வாரம் அவருடைய கிளவுஸைத் துவைக்க எடுத்தேன். நடுவிரல் நுனி வெட்டுப்பட்டிருந்தது. விரல் தப்பியிருக்கிறது, துணி மட்டும் போயிருக்கிறது. அவர் கவனிக்கவே இல்லை. தெரிந்தால்தானே கவனிக்க!

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளவுஸைப் பைபிள் பையில் போட்டுக்கொண்டு போனேன். சாட்சி நேரத்தில் கை தூக்கினேன். பாஸ்டர் சிரித்துக்கொண்டே மைக்கைக் கொடுக்கச் சொன்னார்.

"போன மாசம் நான் சொன்ன சாட்சி பொய். என் ஊட்டுக்காரர் கை இன்னும் சொகமாவல. கர்த்தர் ஒண்ணும் சொல்லல, நான்தான் அவசரப்பட்டுச் சொன்னேன். அத நம்பி இவர மெஷின்ல நிக்க வெச்சிட்டாங்க. தோ பாருங்க, கிளவுஸ்ல துணி போச்சு. அடுத்த தடவ விரல்தான்."

மைக் கொர்ரென்றது. சூப்பர்வைசர் பிரதர் பைபிளைப் புரட்ட ஆரம்பித்தார். இருநூறு பேரில் ஒருவர் வாயிலிருந்தும் ஒரு ஆமென் வரவில்லை. அப்புறம் ஆண்கள் பக்கத்திலிருந்து, கரகரத்த குரலில் ஒன்றே ஒன்று வந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, பாக்கெட்டிலிருந்து அந்தக் கையை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படித் தூக்கிப் பிடித்திருந்தார்.

நல்லவேளை, பிரஸ்ஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் கேட்டில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டான். இவரை ஸ்கிராப் யார்டுக்கு அனுப்பினார்கள். வெயிலில் நின்று இடது கையால் தகட்டுத் துண்டு பொறுக்குகிறார். ஒன்றரை வருடம் ஆகிறது. சபையில் என் பக்கத்தில் பாய் காலியாகத்தான் இருக்கும். நான் போவதை நிறுத்தவில்லை. அங்கே இருக்கிறவர்களுக்காக நான் போகவில்லையே. ஆண்டவரோடு எனக்குச் சண்டை உண்டு, பேச்சை மட்டும் விடவில்லை. 'உன் இஷ்டத்துக்கு மெதுவாச் செய், ஆனா செய்' என்று தினமும் சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை காலையில் அவர் மாவிலிருந்து கையை எடுத்தார். கட்டைவிரல் குழிக்கும் சுண்டுவிரல் குழிக்கும் நடுவில், நகத்தால் கீறியதுபோல லேசாக ஒரு கோடு. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அந்த மாவை உருட்டித் தேய்க்க மனம் வராமல் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் வழக்கம்போல, "யாருக்காவது சாட்சி இருக்கா?" என்று கேட்டார். நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன்.