இதர சேவைகள்

மகேஸ்வரியின் குரல் அந்தப் பல்கலைக்கழகத்தின் இருபத்திரண்டு துறைகளுக்கும் தெரியும். முகம் தெரிந்தவர்கள் பத்துப் பேர் தேறுவார்களா என்பதே சந்தேகம். கணினி மையத்தின் மாடியில், படிக்கட்டை ஒட்டிய அறையில், ஒரு திரைக்கும் தொலைபேசிக்கும் முன்னால் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். ஒப்பந்த வேலை. மார்ச்சுக்கு மார்ச் புதுப்பிப்பார்கள். புதுப்பித்த கையோடு அடுத்த மார்ச்சை எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

வேலை என்னவென்றால், ஆராய்ச்சிக்காரர்கள் புள்ளிவிவரம் போடும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. விலை யானை விலை. முன்பெல்லாம் துறைக்குத் துறை தனியாக வாங்கினார்கள். வசதியில்லாத துறைகள் எங்கிருந்தோ திருட்டுப் பிரதியைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டன. அந்தக் கூத்து தணிக்கையில் மாட்டிக்கொண்ட பிறகு, கணினி மையமே அறுபது உரிமங்களை மொத்தமாக வாங்கிப் பொதுவில் வைத்தது. செலவைத் துறைகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் அறுபது பேர் திறக்கலாம், அறுபத்தோராவது ஆள் காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பதற்கு நம் பேராசிரியர்கள் என்ன இளித்தவாயர்களா? காலையில் வந்ததும் முதல் காரியமாக மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார்கள். குண்டலுபேட்டை பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, அதேதான். பத்தரை மணிக்குள் அறுபதும் நிரம்பிவிடும். நிஜமாக வேலை பார்ப்பவர்கள் முப்பது பேர்கூட இருக்கமாட்டார்கள். மீதியெல்லாம் துண்டு. மகேஸ்வரி மனதுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்வாள்.

அந்தத் துண்டுகளை எடுக்கச் சொல்வதுதான் அவள் உத்தியோகம். திரையைப் பார்க்க வேண்டும், யார் சும்மா திறந்து வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும், போன் போட்டுக் கெஞ்ச வேண்டும். ஒரு நாளைக்கு எழுபது, எண்பது போன். கன்னட ஊர், எல்லாம் கன்னடத்தில். புவியியல் துறைத் தலைவர் சேகரன் ஒருவரோடு மட்டும் தமிழ்.

"சார், ஒங்கது காலைலேர்ந்து சும்மா ஓப்பன்ல இருக்கு. ஸ்வல்ப க்ளோஸ் பண்ணுங்க சார்."

"ஏம்மா, இப்பத்தானே ஒக்காந்தேன்!"

"ரெண்டு மணி நேரமா மௌஸே அசையல சார்."

"ஆயித்து, ஆயித்து. மூடறேன்." சிரித்துக்கொண்டே வைத்துவிடுவார். மறுநாள் மறுபடியும் துண்டு விழும்.

இதில் மகேஸ்வரி யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அந்த உரிமங்களை நிர்வகிக்கும் பக்கத்தில், உள்ளே போனால், ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் ஒரு டிக் போட்டால் போதும். அரை மணி நேரம் அசையாமல் கிடக்கும் உரிமத்தை அதுவே பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். சேர்ந்த இரண்டாம் வருடமே அவள் அதைப் பார்த்துவிட்டாள். அப்போதிருந்த இயக்குநரிடம் சொன்னாள். புரொபசர்கள் என்மேல் பாய்வார்கள், அதைத் தொடாதே என்றார் அவர். அவர் ஓய்வு பெற்றுப் போனார். பின்னால் வந்தவர்களிடம் அவள் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் டயர் ஆலையில் வேலை பார்த்த அவள் கணவர் அய்யாவு, முதுகுத்தண்டு போய் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். மேட்டகள்ளியில் வாடகை வீடு. கட்டம் வேலை செய்ய ஆரம்பித்தால் போன் போட ஆள் எதற்கு? இது அவளுக்கு உறுத்தாமல் இல்லை. உறுத்தலோடுதான் தினமும் எழுபது போன் போட்டாள்.

செலவைப் பங்கிடும் பட்டியலையும் அவள்தான் தயாரிப்பாள். அவள் சம்பளமும் அதே பொதுச் செலவிலிருந்துதான் வருகிறது, பட்டியலில் பதினான்காவது வரி. முதன்முதலில் அதைத் தட்டச்சு செய்தபோது, தன் பெயரைத் தானே செலவு என்று எழுத அவளுக்குக் கூச்சமாக இருந்தது. 'இதர சேவைகள்' என்று போட்டாள். அதுவே நிலைத்துவிட்டது.

இந்த வருடம் மென்பொருள்காரர்கள் விலையை மூன்றில் ஒரு பங்கு ஏற்றிவிட்டார்கள். பட்டியல் போன மறுநாள், மானிடவியல் துறையின் கௌரம்மா மாடிப்படி ஏறி நேரிலேயே வந்தார். இரண்டே ஆசிரியர்கள் உள்ள துறை. நான்கு பிள்ளைகள் ஆய்வேட்டை முடிக்கும் நிலையில் இருக்கிறார்கள்.

தங்கள் துறையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி கேட்டார். அந்தப் பங்கைக் கொடுக்கத் துறையில் வழியில்லை.

பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று மகேஸ்வரி கேட்டாள்.

"ஏதாவது பண்ணிப்பாங்க" என்று கன்னடத்தில் சொன்னார் கௌரம்மா. அந்த ஏதாவது எது என்று இரண்டு பேருக்கும் தெரியும். பழையபடி திருட்டுப் பிரதி, இல்லாவிட்டால் படிப்பையே விட்டுவிட்டுப் போவது. மேசையிலிருந்த மகேஸ்வரியின் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினார்.

நாலு நாள் கழித்து மகேஸ்வரி புது இயக்குநர் மதனுக்கு எழுதினாள். அறுபது வேண்டாம், நாற்பது போதும், இப்படியொரு கட்டம் இருக்கிறது என்று. தியாகம் கியாகம் என்று இதற்குப் பெரிய பெயர் வைக்க வேண்டாம். அந்த நாலு பிள்ளைகளை நினைத்தாள், அது நிஜம். அதைவிட, அவளுக்கு அலுத்துவிட்டது. பதினோரு வருடம் துண்டு எடுத்து அலுத்துவிட்டது.

மதன் அதை ஏற்றுக்கொண்டு கூட்டிய துறைத் தலைவர்களின் கூட்டத்தில் எல்லோர் முகத்திலும் பல். இருபது உரிமம் குறைந்ததில் கௌரம்மாவின் பங்கு போன வருடத்தைவிடக் கீழே வந்திருந்தது. மகேஸ்வரி ஓரமாக உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். தேநீர் வருகிற நேரத்தில் சேகரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலை மறுபடி ஒருமுறை பார்த்தார். பதினான்காவது வரியில் விரலை வைத்தார். எல்லாம் தானாக நடக்கப்போகிறது, இன்னும் என்ன இதர சேவைகள், இதையும் அடித்துவிடலாமே என்று கன்னடத்தில் கேட்டார். நாலைந்து தலைகள் ஆடின. ஒருவர் பேனாவை எடுத்துத் தன் பிரதியில் அந்த வரியைக் கோடு போட்டு அடித்தே விட்டார்.

பதவிக்கு வந்து நாலு மாதமேயான மதனுக்கு அது என்ன வரி என்று தெரியாது. "மேடம், இது என்ன?" என்று மகேஸ்வரியைப் பார்த்துக் கேட்டார்.

கன்னடத்தில்தான் பதில் சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது அவள் பிறந்த ஹனூர் வீட்டுத் தமிழ்.

"அது நானுங்க சார்."

அந்த அறையில் அதன் முழு அர்த்தமும் பிடிபட்டது சேகரன் ஒருவருக்குத்தான். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, அடிக்கச் சொன்ன அதே வாயால், அது அந்த அம்மாவின் சம்பளம் என்று எல்லோருக்கும் கன்னடத்தில் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

தொலைபேசியில் எண்பது தடவை கேட்ட குரலுக்கு இப்போதுதான் முகம் கிடைத்ததுபோல இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கணக்குப் போட்டார்கள்: ஒரு துறைக்கு மாதம் எண்ணூற்று அறுபது ரூபாய் சொச்சம். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் நா எழவில்லை, இருக்கட்டும் என்று சொல்லவும் ஆளில்லை. கௌரம்மாதான் தங்கள் பங்கைத் தருவதாகச் சொன்னார். கடைசியில் மதன், மார்ச் வரை இப்படியே இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று முடித்தார். எட்டு மாதம். மகேஸ்வரி அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டாள்.

சாயங்காலம் சேகரன் அவள் அறை வாசலில் வந்து நின்றார். பதினோரு வருடத்தில் முதல் தடவை.

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா நீங்கன்னு தெரியாது."

"எப்படித் தெரியும் சார். நான்தானே அப்படி எழுதினேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் திரையின் பக்கம் திரும்பினாள். அவர் படியிறங்கிப் போனார். அவள் உரிமங்களின் பக்கத்தைத் திறந்து அந்தக் கட்டத்தில் டிக் போட்டாள். அரை மணி கழித்துத் திரையில் பெயர்கள் தாமாகவே மறைய ஆரம்பித்தன. புவியியல் போயிற்று, பொருளாதாரத்தில் நாலு போயிற்று. போனைத் தொட வேண்டியிருக்கவில்லை. தொண்டைக்கு ஓய்வாக இருந்தது, நெஞ்சுக்கு இல்லை. பட்டியலின் பதினான்காவது வரியைத் திருத்தி, இருபத்திரண்டு துறைகளுக்கும் அனுப்பிவிட்டு எழுந்தாள்.

வீட்டில் அவள் செருப்பைக் கழற்றும்போதே அய்யாவு கேட்டார். "ஏம் புள்ள, மொகமே செரியில்ல? என்ன சொன்னாங்க?"

"மார்ச் வரைக்கும் இருக்கலாமாமுங்க."

"அப்புறம்?"

"தெரியலீங்க. அந்த லிஸ்ட்டுல இதர சேவைன்னு இருந்ததை எடுத்துட்டு, என்ர பேரைப் போட்டுட்டு வந்தேன்."

"அதனால என்ன ஆகப்போவுது?"

"ஒண்ணும் ஆகாதுங்க. மார்ச்சுல கோடு போட்டு அடிக்கறவங்க, ஆரை அடிக்கறோம்னு தெரிஞ்சு அடிக்கட்டும்."

அய்யாவு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவளுக்கு டீ வைக்கப் போனார்.