கீசருக்குப் போட்ட டம்மி

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போயிருந்தாள். எங்கள் வீட்டில் கீசர் கரகரக்க ஆரம்பித்தால் தண்ணீர் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஹீட்டர் காயிலில் உப்புப் படிந்தால்தான் அப்படிக் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நானும் துண்டை எடுப்பேன். அன்று கரகரப்பு உறுமலாக மாறியது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் பாய்லர் ஹவுஸுக்கு நான் பொறுப்பாளன். அங்கே போர் தண்ணீரை உப்பை எடுக்கும் சாஃப்ட்னரில் விட்டு, ஹார்ட்னஸ் டெஸ்ட் செய்த பிறகுதான் பாய்லருக்குள் அனுப்புவோம். மேனாம்பேட்டில் என் வீட்டுக்கு வருவதும் அதே மாதிரி உப்புத் தண்ணீர்தான். அதை நேராக மகள் தலைக்கு மேல் கொதிக்க வைத்திருந்தோம்.

மெயினை அணைத்துவிட்டுக் கதவைத் தட்டினேன். சுடுதண்ணீர்க் குழாயைத் தொடாமல் வெளியே வரச் சொன்னேன்.

"தலை முழுக்க எண்ணெய்ப்பா. அஞ்சு நிமிஷம்."

"இப்ப தாழ்ப்பாளைத் திறக்கலன்னா கதவை உடைப்பேன்."

நைட்டியில் எண்ணெய் சொட்ட வந்து, பைத்தியத்தைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

நன்றாக ஆறவிட்டு ஏறிப் பார்த்தேன். டாங்க் ஒரு பக்கம் உப்பியிருந்தது. சூடு ஏறியதும் கரண்டை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் உப்பில் புதைந்து வேலை செய்யவில்லை. அழுத்தம் கூடினால் சொட்டுவதற்காகவே வைத்த சேஃப்டி வால்வின் வாயில் புத்தம்புது டம்மி மூடி. வால்வு சொட்டிப் புது டைல்ஸில் வெள்ளைக் கறை படிகிறதென்று என் மனைவி பிளம்பரைக் கூப்பிட்டு அடைத்திருக்கிறாள். தெருவிலேயே நாங்கள்தான் கடைசியாக டம்மி போட்டோமாம்.

பிளம்பருக்கு போன் செய்தேன்.

"இன்னா சார், சொட்டுனா அடைக்கத்தானே கூப்புடுறாங்க? இந்த ஏரியா பூரா நான்தான் போட்டுக் குடுத்துகீறேன். ஒரு ஊட்லருந்தும் கம்ப்ளெயின்ட் வர்ல."

கம்ப்ளெயின்ட் சொல்ல ஆள் மிஞ்ச வேண்டுமே என்று கேட்கத் தோன்றியது. கேட்காமல் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஷிஃப்ட் மாறும்போது ஆட்களைக் கூட்டி, சேஃப்டி வால்வை அடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். சீனியர் ஆபரேட்டர் சேகர் ஒரு பிழை இல்லாமல் ஒப்பித்தார். பிறகு, வீட்டு கீசரில் யார் யார் டம்மி போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். சேகர் மட்டும் ஓரமாகப் போய் வீட்டுக்கு போன் அடித்தார்.

"கீசரைப் போடாத. ஏன்னு கேக்காத. பசங்களப் பச்சத்தண்ணில குளிக்கச் சொல்லு."

திரும்பி வந்து, ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டார். கொடுத்தேன். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

புதிதாகச் சேருபவர்களிடம் இப்போதெல்லாம் முதலில் வீட்டு கீசரின் போட்டோவைத்தான் கேட்கிறேன். அதைப் பார்த்த பிறகே பாய்லரைக் காட்டுகிறேன்.