பொடியனின் கதவு

பொடியன் என்று பெயர் வைத்தவர்கள் இப்போது வந்து அவனை ஒரு தள்ளு தள்ளிப் பார்க்கட்டும். மிருகக்காட்சிசாலைக்கு வந்த புதிதில் அந்த யானைக்குட்டி, தன்னை வளர்த்த பெண் காப்பாளரின் இடுப்புக்குத்தான் இருந்தான். புட்டிப்பால் தாமதமானால் அவளுடைய சீருடைப் பையைப் பிடித்து இழுப்பான். இன்று அவன் முதுகு அவள் தலையைத் தாண்டிவிட்டது. அவன் இரவில் அடையும் கொட்டடி வாசலின் இரும்பு நிலை மட்டும் அப்படியேதான் இருந்தது.

அதற்குள் நுழைய அவள்தான் அவனைப் பழக்கினாள். தலையைத் தாழ்த்தி ஒரு தோள், ஒரு மூச்சு, பிறகு மறு தோள். "சாய்டா... ம், மெதுவா" என்று அவள் விலாவில் கை வைத்தால்தான் நகர்வான். அப்படியும் இரண்டு பக்கமும் தோல் உரிந்து, தினமும் அவள்தான் களிம்பு தடவினாள். கண்காணிப்பாளரிடம் போய்ச் சொன்னால் ஒரே பதில்.

"அதான் நுழையுறானே?"

அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்கு உச்சந்தலை கொதிக்கும். நிலையை அகலமாக்கப் பணம் இல்லையாம். ஆனால் கொட்டடிச் சுவர் முழுக்கப் பூவும் பட்டாம்பூச்சியுமாகப் படம் வரைய ஆள் வந்துவிட்டான்.

"எப்படிக்கா இருக்கு?" என்றான் பெயின்டர்.

"பட்டாம்பூச்சி நல்லா நுழையும்" என்றாள்.

அன்று வீட்டில் தட்டுகள் பறந்தன. தையல்காரக் கணவன் மெஷினை நிறுத்தினான்.

"தட்டு என்ன பாவம் பண்ணுச்சு?"

அவள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"வளர்ற பிள்ளைக்குச் சட்டையைப் பிரிச்சு விடுவோம். உங்க சார் பிள்ளையை மடிக்கச் சொல்றாரு" என்று சிரித்தவன், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "ஆனா மடிக்கிறது நீதானே?" என்றான்.

அதற்குப் பிறகு அவனோடு பேச்சில்லை. கோபம் சார் மீதா, புருஷன் மீதா, தன் கை மீதா என்று தெரியாமலே விடிந்தது.

மறுநாள் சாயங்காலம் பார்வையாளர்கள் போன பிறகு கொட்டடியைத் திறந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பொடியன் வாசலில் நின்று அவளையே பார்த்தான். துதிக்கையால் அவள் கையை அவிழ்க்கப் பார்த்தான். அவள் அசையவில்லை. வெளி வேலி பகலுக்கு மட்டும்தான். இரவில் யானை உள்ளே இருந்தாக வேண்டும். காவலாளி போய்ச் சொல்ல, கண்காணிப்பாளர் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

"சாயச் சொல்லும்மா."

"நீங்க சொல்லுங்க சார்."

அவர் சொன்னார். பொடியன் நேராகப் போய் இரண்டு தோளையும் இரும்பில் மோதி, வலியில் முனகிப் பின்வாங்கினான். நிலையில் ரத்தம் ஒட்டியிருந்தது.

"வேணும்னே பண்றியா?"

"ஆமா சார்."

"வேலை போயிடும்."

"போகட்டும். அந்த வழியாவது அகலமா இருக்கு."

அவர் நிலையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே வெல்டிங்காரருக்குப் போன் போட்டார். அன்றிரவு பொடியன் வெளியிலேயே நிற்க, வேலியோரம் காவலாளியோடு அவளும் காவல் இருந்தாள்.

காலையில் நிலையை அறுக்கத் தொடங்கியதும் தீப்பொறி தெறித்தது. பொடியன் பயந்துபோய் ஓடிவந்து அவள் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தான். முட்டிய முட்டில் அவள் சேற்றில் குப்புற விழுந்தாள்.

"கண்ணு தெரியல? எருமை... எருமை" என்று எழுந்தவள், அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பொறி எட்டாத மூலைக்கு நடந்தாள்.