சஷ்டி முடிந்த காலையில் ஏழு மாத்திரை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதனால் நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொள்ள ஆரம்பித்தபோது, கோபம்தான் காரணம் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். "சும்மா கத்திகினே இருந்தா நெஞ்சு இன்னா பண்ணும்?" என்றார் என் வீட்டுக்காரர். தொண்ணூறுகளின் கடைசியில், சேவூரில் எங்கள் வீட்டுக்குள் இரண்டு குழித்தறிகள் இருந்தன. ஒன்றில் அவர், ஒன்றில் நான். காலையிலிருந்து சாயங்காலம் வரை இரண்டு பேரும் மூன்று முழ தூரத்தில் உட்கார்ந்து பட்டுச்சேலை நெய்வோம். அவர் பேசுவது குறைவு. அதற்கும் சேர்த்து நான் பேசுவேன்.

உண்மையில் உடம்பு அதற்கு முன்பே மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. தறியில் உட்கார்ந்தால் தூக்கம், தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, குரல் ஆம்பளைக் குரல் ஆகிவிட்டது. ஆரணியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு குறைவு என்று வந்தது. நெஞ்சு விஷயத்தையும் சொன்னதும் வேலூருக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, என் இதயத்துடிப்பு அவ்வப்போது தடம் மாறுகிறது, பிறகு தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடுகிறது என்றார். என் கோபத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

இரண்டு மாத்திரை எழுதினார். இதயத்துக்கு ஒன்று, தைராய்டுக்கு ஒன்று. தைராய்டு மாத்திரை உளுத்தம்பருப்பில் பாதிகூட இருக்காது. அதைக் காட்டித்தான் நிறைய பேசினார்.

"இது குறைஞ்சா உடம்பு படுத்துக்கும். அதிகமானா இதயம் ஓட ஆரம்பிச்சிடும். உங்களுக்கு ஏற்கெனவே துடிப்பு சரியில்ல. அதனால கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்துவேன். விடியக்காலையில வெறும் வயித்துல போடணும்."

நன்றாகத் தலையை ஆட்டினேன். ஆட்டுவதற்கு என்ன செலவு?

சில மாதங்களில் உடம்பு தேறியது. மாத்திரையின் அளவை ஒரு படி ஏற்றினார். தூக்கம் போனது, குரல் திரும்பி வந்தது, வீட்டுக்காரருக்குத்தான் பாவம் பழைய கஷ்டம். ஆனால் நெஞ்சு மட்டும் அடங்கவில்லை. பஸ்ஸில் ஒரு நாள், கோயில் வரிசையில் ஒரு நாள் என்று நினைத்த நேரத்தில் தடம் மாறியது. வெளியே வீறாப்பாகப் பேசினாலும் உள்ளுக்குள் பயந்து செத்தேன். தீபாவளி முடிந்ததும் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். இந்த நெஞ்சு மட்டும் ஒழுங்காக அடிக்கட்டும், ஆறு நாளும் சஷ்டி விரதம் இருக்கிறேன் என்று.

எங்கள் வீட்டு வழக்கப்படி, சஷ்டி விரதத்தில் எழுந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை வாயில் எதுவும் படக் கூடாது. அதற்குப் பிறகு பாலும் பழமும். இதய மாத்திரையைப் பாலோடு போட்டுக்கொண்டேன், அதை நிறுத்தப் பயம். சின்ன மாத்திரைதான் சிக்கல். விடியற்காலையில் போட்டால் விரதம் போய்விடும். பாலுக்குப் பிறகு போட்டால் வேலை செய்யாது. டாக்டரைக் கேட்கலாம் என்று தோன்றவே இல்லை. வழி எனக்கே தெரிந்திருந்தது.

நெசவுக்காரர்களுக்கு விட்ட நாள் என்று ஒன்று கிடையாது. அமாவாசைக்குத் தறியில் உட்காரமாட்டோம். அடைமழையில் பாவு நூல் ஈரம் கோத்துக்கொண்டால் இழை அறுந்துகொண்டே இருக்கும், நெய்ய முடியாது. அதற்காகக் கல்யாணச் சேலை தள்ளிப்போக முடியுமா? மறுநாள் இருட்டோடு உட்கார்ந்து, விட்ட முழத்தையும் சேர்த்து நெய்து முடிப்போம். தெருவே அப்படித்தான். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து விட்டதைப் பிடிக்காமல் இருந்ததில்லை. மாத்திரையையும் அப்படித்தான் நினைத்தேன். விட்ட ஆறையும் ஏழாம் நாள் மாத்திரையோடு சேர்த்துப் போட்டுவிட்டால் டாக்டர் சொன்னதில் ஒன்றும் குறையாது.

வீட்டுக்காரருக்கும் அது சரியாகவே பட்டது. அவரும் நெசவுக்காரர்தானே. தினமும் காலையில் ஒரு மாத்திரையை எடுத்து, நூல் சுற்றிய தார்க்குழல்கள் வைக்கும் டப்பாவின் மூடியில் தனியாகப் போட்டு வைத்தார். மறந்துவிடக் கூடாதாம். ஏழாம் நாள் விடியற்காலை, நான் குளித்துவிட்டு வந்ததும் ஏழையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"ஒரே மடக்குல போட்டுக்கோ. தொண்டையில ஒட்டிக்கப் போவுது."

போட்டுக்கொண்டேன். ஏழும் சேர்ந்து ஒரு ஏலக்காய் அளவுகூட இல்லை.

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் இல்லை. விரதத்தையும் விடவில்லை, மாத்திரையையும் விடவில்லை என்று பக்கத்து வீட்டில் போய்ப் பெருமை அடித்துக்கொண்டேன். ஏழையும் போட்ட நான்காம் நாள் காலை, தறியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். நெஞ்சுக்குள் கோணிப்பையில் கட்டிப்போட்ட கோழி மாதிரி ஏதோ அடித்துக்கொண்டது. இத்தனை நாள் வந்தது இது இல்லை என்று உடனே தெரிந்துவிட்டது. கையிலிருந்த, ஊடை நூல் ஓட்டும் நாடா விழுந்தது. குழிக்குள் கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. மூன்று முழத்தில் அவர் முதுகு தெரிகிறது, கூப்பிட வாய் வரவில்லை. கத்துவதற்கென்றே பிறந்தவள் நான். அன்றைக்குக் கத்தத் தெரியாமல் பாதி நெய்த சேலை மேலேயே கவிழ்ந்தேன். என் தறிச் சத்தம் நின்றதால்தான் அவர் திரும்பினார்.

ஆட்டோவில் ஆரணிக்கும், அங்கிருந்து காரில் வேலூருக்கும் கொண்டுபோனார்கள். ஊசி போட்டு, குழாய் மாட்டி, கொஞ்சம் அடங்கிய பிறகு அதே டாக்டர் வந்து, மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போட்டீர்களா என்று கேட்டார்.

"ஒண்ணுகூட விடலீங்க" என்றேன். அந்த நிலைமையிலும் எனக்குப் பெருமை. "சஷ்டிக்கு ஆறு நாள் போடல. ஏழாம் நாள் ஏழையும் சேத்துப் போட்டுகினேன்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"ஏழா? ஒரே நேரத்துலயா? இந்த இதயத்தை வச்சிக்கிட்டா?" வார்டே திரும்பிப் பார்த்தது. "மாத்திரையில விட்டா விட்டதும்மா, பிடிக்கக் கூடாது! முன்னாடி போட்டதே உடம்புல மிச்சம் இருக்கும். இது வேலையைக் காட்டவே மூணு நாலு நாள் ஆகும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேற நேரம் சொல்லியிருப்பேனே. உயிரோட வந்து சேர்ந்ததே பெரிசு. அப்படி எதுக்கு அந்த விரதம்?"

"இந்த நெஞ்சு சரியாவணும்னுதாங்க."

சொன்ன பிறகுதான் நான் செய்தது என்ன என்பது எனக்கே விளங்கியது. கட்டிலில் படுத்திருந்தும் எங்கோ கீழே விழுவது போல இருந்தது. அழ ஆரம்பித்தேன்.

"வீட்டுல யாரும் தடுக்கலையா?" என்று மெதுவாகக் கேட்டார் டாக்டர்.

"நானேதாங்க போட்டுகினேன்" என்றேன் அவசரமாக.

கால்மாட்டில் நின்றிருந்த வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "இல்ல சார். ஆறு நாளும் நான்தான் எட்த்து வச்சேன். ஏழையும் நான்தான் எண்ணி அவ கைல குட்த்தேன்." சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார். கல்யாணமாகி அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதைப் பார்த்த அதிர்ச்சியில் என் அழுகை நின்றுவிட்டது.

பிழைத்துக்கொண்டேன். மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தி, மறுபடி முதல் படியிலிருந்து ஆரம்பித்தார்கள். ஆனால் அதுவரை வந்து வந்து போன தப்புத் துடிப்பு, அதற்குப் பிறகு போகவே இல்லை. என்னோடே தங்கிவிட்டது. விடியற்காலையில் நானே எழுந்து, ஒரே ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். வீட்டுக்காரர் எனக்கு எல்லா வேலையும் செய்வார், தண்ணீர்கூடக் கொண்டுவந்து வைப்பார். ஆனால் அன்றிலிருந்து ஒரு தலைவலி மாத்திரையைக்கூட அவர் கையால் எடுத்துத் தந்ததில்லை. கேட்டால் டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போய்விடுவார்.