எட்டு முழ வேட்டி

தஞ்சைப் பெரிய கோவிலைப் பற்றி நாலு புத்தகம் படித்து முடித்த பிறகுதான் தலைமன்னாரில் கப்பல் ஏறினேன். படிக்காமல் போயிருந்தால் இவ்வளவு கெடுதல் நடந்திராது.

அக்காவுக்கு அந்தக் கோவிலைக் கலண்டர் மூலமாகத்தான் தெரியும். திருகோணமலையில் அவளுடைய குசினிச் சுவரில், வருடம் போன பிறகும் கழற்றப்படாத ஒரு கலண்டரில் கோபுரம் நின்றது. அவள் புருஷன், என் அத்தான், துறைமுகத்தில் வேலை. ஒருநாள் சரக்குப் படகுக்கும் இறங்குதுறைக்கும் நடுவில் விழுந்து, நசுங்காமல் தப்பி வந்த மனிதர், ஈர உடுப்போடு அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, அந்தச் சுவாமிக்கு ஒரு வேட்டி சாத்துவதாக நேர்ந்துகொண்டார்.

“கூப்பிடு தூரத்தில எங்கட கோணேசர் சுவாமி இருக்க, கடலுக்கு அங்கால நேர்வானேன் அத்தான்?” என்று கேட்டேன்.

“அவர் பக்கத்து வீட்டுக்காரர். கோவிக்க மாட்டார்.”

வேட்டியை மறுநாளே வாங்கிவிட்டார். பயணம்தான் ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போனது. கடைசியில் அவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர, வேட்டி அலுமாரியில் மிஞ்சியது. அதைச் சாத்துவதற்காகத்தான், எழுபதுகளின் கடைசியில், என் மனைவியையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

தஞ்சாவூரில் வெயில் கல்லில் இறங்கி எங்கள் காலில் ஏறியது. பெண்கள் இருவரும் நுனிக்காலில் துள்ளத் துள்ள, நான் விமானத்தின் உயரத்தை விளக்கினேன். என் மனைவி, “இஞ்சாருங்கோ, உள்ள போய் நிண்டு கதையுங்கோவன்” என்றாள். உள்ளே வரிசையில் நின்றபோது அக்கா பையிலிருந்து வேட்டியை எடுத்தாள். கடதாசிச் சுற்றைப் பிரித்து, மடிப்பை நீவினாள்.

லிங்கத்தின் பிரம்மாண்டம் எனக்குத் தெரியும். நாலு புத்தகத்திலும் இருந்தது.

“அக்கா, உது எட்டு முழம். உந்தச் சுவாமிக்கு முகம் துடைக்கத்தான் காணும்.”

முன்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நல்ல பகிடி என்றே நானும் நினைத்தேன். அக்காவும் சிரித்தாள். பிறகு சந்நிதியில் நிமிர்ந்து, நிமிர்ந்து, இன்னும் நிமிர்ந்து பார்த்தாள். வேட்டியைக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தாள். “உங்கட வாய்க்கு ஒரு பூட்டுப் போடவேணும்” என்று சொல்லிவிட்டு மனைவியும் பின்னால் போனாள்.

நான் திருநீற்றுக்காக நின்றேன். அப்போது ஒரு கிராமத்து மனிதர் துண்டு ஒன்றை நீட்டினார். வேட்டிகூட இல்லை, துண்டு. “ரொம்பச் சின்னதுங்க சாமி” என்று இழுத்தார்.

“சின்னதா இருந்தா என்ன? குடுங்க” என்று குருக்கள் வாங்கி, அழகாக மடித்து, லிங்கத்தின் அடியில் ஆவுடையாரில் வைத்துத் தீபம் காட்டினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “நடை சாத்தப்போறோம். வேற யாராவது உண்டா?” என்றார்.

அக்கா நந்திக்குப் பக்கத்தில் நிழலில் இருந்தாள். ஓடினால் ஒரு நிமிடம். ஆனால் ஓடிப்போய், நான் சொன்னது பிழை என்று சொல்லவேண்டும். நான் குருக்களைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினேன்.

திரும்பும்போது தலைமன்னாரில் சுங்க அதிகாரி அக்காவின் பையைக் கிளறினார். “புது வேட்டி. இந்தியாவில வாங்கினதோ?”

“இல்லை, இங்கயிருந்து கொண்டுபோனது” என்றாள் அக்கா.

“அப்ப ஏன் திருப்பிக் கொண்டுவாறியள்?”

“அளவு காணாதாம். தம்பி படிச்சவன், அவன்தான் சொன்னவன்.”

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிடிக்க வேண்டிய ஆளைத்தான் பார்த்தார். பிடிக்கச் சட்டம் இல்லை. ரயிலில் எல்லாவற்றையும் சொல்லிவிட வாயைத் திறந்தேன். “தண்ணி வேணுமோ அக்கா?” என்றுதான் வந்தது.

தீபாவளிக்கு அந்த வேட்டியை என் கையில் தந்தாள். “உனக்கு அளவு காணும், கட்டு.” அவளுக்குக் குத்திக் கதைக்கத் தெரியாது, தெரிந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். “அடுத்தமுறை பெரிசா ஒண்டு நெய்விச்சுக்கொண்டு போவம். எத்தினை முழம் வேணும் எண்டு உன்ர புத்தகத்தில பார்த்துச் சொல்லு, தம்பி.”

பார்த்துச் சொன்னேன். அவள் அதைக் கலண்டரின் ஓரத்தில், கோபுரத்துக்குக் கீழே, பென்சிலால் எழுதிவைத்தாள்.