பத்து நிமிட வாசிப்பு

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். தூத்துக்குடியில் உப்பைப் பாக்கெட்டில் அடைக்கும் ஆலை ஒன்றில் மூட்டை சுமக்கிறேன். அச்சு பிசகிய உறைகளை அங்கே கழித்துப் போடுவார்கள். நாங்கள் வீட்டுக்கு எடுத்து வருவோம். அப்போது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள், நான் சாப்பிட உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து அந்த உறைகளை வாசிப்பாள். எழுத்தின் மேல் எழுத்து ஏறிக் கிடக்கும். புரியாத இடத்தில் அவளாக எதையாவது சேர்த்துச் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. என் பேச்சு அவளுக்குத் தேவைப்படவும் இல்லை.

நான்காம் வகுப்புக்குப் புது டீச்சர் வந்தார். ஏதோ பயிற்சிக்குப் போய்வந்து பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தினம் ஒரே நேரத்துல பத்து நிமிஷம் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்க. நடுவுல அப்பா ரெண்டு கேள்வி கேளுங்க. அதை ரெக்கார்டு பண்ணி குரூப்ல போடுங்க. போட்டவங்க பேருக்கு நேரா நட்சத்திரம் வரும். நாலு பேர் செய்யுததைப் பார்த்தா மத்தவங்களுக்கும் செய்யத் தோணும்."

கெட்ட யோசனை என்று இன்றும் சொல்லமாட்டேன். பிள்ளையோடு உட்காராத அப்பன்மாரை உட்கார வைக்க வந்த யோசனை அது. ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவனை என்ன செய்வது என்று அதில் இல்லை.

போனில் பொத்தானை அழுத்தியதும் கேட்க வைத்திருந்த கேள்வி எனக்கு மறந்துபோகும்; பதிவை அழித்துவிடுவேன். மூன்று நாள் மகளின் பெயருக்கு நேரே வெற்றிடம். நான்காம் நாள் அழுதுகொண்டு வந்தாள்.

"வாயில என்ன உப்பையா அடைச்சு வச்சிருக்கீக?" என்றாள் மனைவி.

துறைமுகத்துப் பக்கம் ஆபீஸ் வேலை பார்க்கும் மச்சினன் சிரித்தான். "குடுங்கத்தான், நான் பேசுதேன். போன்ல யாரு மூஞ்சி தெரியப் போவுது?"

கொடுத்துவிட்டேன். அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அதன்பின் தினமும் ஏழு மணிக்கு அவள் மாமனோடு முன்னறையில் உட்கார்ந்தாள். நான் அடுக்களையில் சாப்பிட்டேன். "தட்டுச் சத்தம் விழுதுப்பா, மெதுவா தின்னுங்க" என்று அங்கிருந்தே சொல்வாள். உறைகளை அவள் தொடவில்லை. அவற்றுக்கு நட்சத்திரம் இல்லை.

பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் என்னை முன்னால் அழைத்து, ஒரு பதிவை ஒலிபெருக்கியில் போட்டார். "அந்த நண்டு ஏன் ஓடிச்சு தங்கம்?" என்றது மச்சினனின் கணீர்க் குரல்.

"ஒரு நாள்கூட விடாத அப்பா இவங்கதான். எப்படிப் பழக்குனீங்க? நாலு வார்த்தை சொல்லுங்கண்ணே."

"அது நான் இல்ல டீச்சர்."

பின்வரிசையில் ஒருவன் கேட்டான்: "ஏலே, அப்ப அந்த அப்பா யாருலே?"

கூடமே சிரித்தது. டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டார். பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த என் மகள் தலையைத் தூக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், அவளிடம் இனி மாமா வேண்டாம், என்னிடமே வாசி என்றேன்.

"ரெக்கார்டு பண்ணுவீங்களாப்பா?"

"இல்ல. சும்மா வாசி."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை; உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள்.

"அப்ப எதுக்குப்பா?"